தொடை தட்டிப் படித்த பிள்ளைகள்

தம்பி,

நீ ஏறிய ரயில் கூலாய் ஸ்டேஷனை விட்டுப் போன பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா வந்து தோளைத் தொட்டு, "போலாம் வாங்க, மழை வரப்போகுது" என்றாள். அப்போதும் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. ஜன்னல் வழியாகக் குனிந்து நீ கேட்டாயே, "ஏதாவது சொல்லுங்கப்பா" என்று, அது காதிலேயே நின்றது. உன்னை வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொண்டது. வண்டி நகர்ந்தது. நான் கையைத் தூக்கினேன், அவ்வளவுதான். பெற்ற மகன் முதல் முதலாக வேலைக்குப் போகிறான், அதுவும் என்னைப் போலவே சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாராகப் போகிறான், அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் கையைத் தூக்கிய அப்பனாக நின்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போது எனக்குத் திக்குவதில்லை.

நான் எப்படி வாத்தியார் ஆனேன் என்று நீ பலமுறை உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். அவளும் முழுதாகச் சொன்னதில்லை. பழைய ஆட்கள் இருந்திருந்தால் நம் லயத்து வீடுகளில் யாராவது சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள். ரப்பர் விலை விழுந்த காலத்தில் அவர்களில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருப்பவர்கள் என் முகத்துக்காகச் சொல்லாமல் இருக்கிறார்கள். நீ அதே வேலைக்குப் போகிறவன், உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் ஊரில் நாலாம் வகுப்பு வரை படித்துவிட்டு, மீசை முளைக்கும் முன்னே கப்பலேறி இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்தவன். திக்கல் அப்போதே உண்டு. காலையில் பிரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது மற்றவர்கள் "இருக்கேன்யா" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவார்கள். எனக்கு அந்த ஒரு சொல் வராது. வேலை வாங்கும் தண்டல் என் பேரைக் கூப்பிட்டுவிட்டு வேண்டுமென்றே என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். புது ஆள் யாராவது பேர் கேட்டால் என் பேரையே என்னால் சொல்ல முடியாது. சொல் மாட்டிக்கொண்டால் கண்ணை இறுக மூடி, வலது கையால் தொடையைத் தட்டுவேன். தட்டத் தட்ட எப்படியோ வந்து விழும். அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் லயத்தில் கிடையாது. அதனால் நான் யாரோடும் பேசுவதில்லை. வேலை முடிந்தால் பழைய புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு நாள் பிரட்டில், தோட்டத்து ஆபீஸ் கணக்கையெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி வந்து, "பள்ளிக்கூடம் வைக்கணும்னு துரை சொல்லிட்டார். தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் எவனாவது இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். பிள்ளைகளுக்கு அறிவூட்ட வேண்டும் என்ற ஆசையால் தூக்கியதாக நீ நினைத்துக்கொள்ளாதே. கை தூக்குவதற்கு வாய் தேவையில்லை, அதனால் தூக்கினேன். அப்புறம் இன்னொன்றும் மனத்தில் இருந்தது. பெரியவர்கள்தானே சிரிக்கிறார்கள், ஆறு வயதுப் பிள்ளை சிரித்தால் அடக்கிவிடலாம் என்று நினைத்தேன். என் வாத்தியார் வேலை தொடங்கியது இப்படி ஒரு கோழைத்தனத்தில்தான்.

கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு, கீழே மணல் கொட்டி, எழுத ஒரு பலகையும் கொடுத்தார்கள். அப்பனும் ஆயியும் பால் மரம் வெட்டப் போன பிறகு பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். முன்வரிசையில் செல்லம்மா என்று ஒரு பெண் பிள்ளை. வெட்டுக்காரி வீராயியின் மகள். எண்ணெய் வழியும் தலையும் ஒழுகும் மூக்குமாக வந்து உட்கார்ந்து, ஒரு முறை மணலில் எழுதிக் காட்டினால் மறுமுறை தானே எழுதிவிடுவாள். நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுப்பேன். "அ... அ... அம்மா" என்பேன். "க... க... கல்" என்பேன். ஆச்சரியம் என்னவென்றால் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தார்கள். எனக்குச் சொர்க்கத்தில் இருப்பது போல் இருந்தது, தம்பி. பிறந்ததிலிருந்து என் பேச்சை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் பேசினேன், பேசினேன், பேசிக்கொண்டே இருந்தேன். பிள்ளைகளின் வாயிலிருந்து என்ன வருகிறது என்று கவனிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்துத் துரை தன்னுடைய விருந்தாளியான இன்னொரு வெள்ளைக்காரரோடு பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். கூடவே பெரிய கிராணியும் வந்தார். பலகையில் நான் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார்கள். எனக்குப் பெருமை. செல்லம்மாவைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் எழுந்தாள். கண்ணை இறுக மூடினாள். வலது கையால் தொடையைத் தட்டினாள். "க... க... க... கல்" என்றாள். அடுத்த பையன் எழுந்தான். அவனும் கண்ணை மூடினான், தொடையைத் தட்டினான், "ம... ம... மரம்" என்றான். அதற்கு அடுத்தவளும் அப்படியே. வரிசை முழுக்க அப்படியே. கேலி செய்யவில்லை, தம்பி. கேலி செய்திருந்தால் நான் பொறுத்திருப்பேன். அவர்கள் மிகுந்த பயபக்தியோடு படித்தார்கள். எழுத்து என்றால் இப்படித்தான் வாயிலிருந்து வர வேண்டும் என்று நம்பிப் படித்தார்கள். படித்து முடித்ததும் ஒவ்வொருவரும் நான் மெச்சுவேன் என்று என் முகத்தைப் பார்த்தார்கள்.

கிராணி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். துரை ஏதோ கேட்டார், இவர் ஏதோ பதில் சொன்னார். போகும்போது என் பக்கம் திரும்பி, "துரை என்ன கேட்டார் தெரியுமா? தமிழ் அவ்வளவு கஷ்டமான பாஷையான்னு கேட்டார்" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். சாயந்திரத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் பெரிய ஆம்பிளைகளே தொடையைத் தட்டி ஒருவரையொருவர் பேர் கேட்டுக்கொண்டார்கள்.

வீராயி அப்படிச் சிரிக்கவில்லை. என் வாசலுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "வாத்தியாரே, எம்புள்ள நல்லாப் பேசிக்கிட்டு இருந்துச்சு" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "இப்ப சோறு கேக்கறதுக்கும் தொடையத் தட்டுது. நான் வெளையாட்டுன்னு நெனச்சேன். இன்னிக்குத்தான் வெளங்குது. பொம்பளப் புள்ளையாச்சே, நாளைக்கு இத எவன் கட்டுவான், நீங்களே சொல்லுங்க." நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. என் கை தொடைக்குப் போனது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் கத்தியை எடுத்துக்கொண்டு பிரட்டில் போய் நின்றேன். கிராணி ஒரு நிரை மரத்தைக் காட்டினார். பள்ளிக்கூடக் கொட்டகை பூட்டுப் போடாமலே மூடிக்கொண்டது. இனி இந்த வாயால் யார் பிள்ளையையும் கெடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். நல்ல முடிவு என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில், அவமானம் தாங்காமல் ஓடி ஒளிந்தேன், அதற்கு ஒரு நல்ல பேரையும் நானே வைத்துக்கொண்டேன்.

எத்தனை நாள் அப்படிப் போனதோ. ஒரு நாள் பால் வாளியோடு, பாலை நிறுத்து ஊற்றும் ஸ்டோருக்குப் போகிற வழியில் பார்த்தேன், பிள்ளைகள் அந்தக் கொட்டகையில் தாங்களாகவே உட்கார்ந்திருந்தார்கள். செல்லம்மாதான் வாத்தியார். நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன். அவள் பார்த்துவிட்டாள். "ஏய், வாத்தியார் வந்துட்டாரு!" என்று கத்தினாள். எல்லாரும் எழுந்து நின்று, பலகையில் அழியாமல் கிடந்த என் எழுத்தைப் பார்த்து ஒரே குரலாகப் படிக்கத் தொடங்கினார்கள். ஓரிடத்தில் தப்பாகப் படித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திருத்துவதற்காக நானும் சேர்ந்து படித்தேன். பலகையின் கடைசி வரி வரைக்கும் போன பிறகுதான் உறைத்தது, நான் ஓரிடத்திலும் திக்கவில்லை. கையைப் பார்த்தேன். அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் கையும் அப்படித்தான். எல்லாரும் சேர்ந்து படித்தபோது ஒரு பிள்ளையும் தொடையைத் தட்டவில்லை.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். செல்லம்மா கிட்டே வந்து, "ந... நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்தை மறுபடி கேட்டு வாங்குவது லேசாக இருக்கவில்லை. பிரட்டில் வரிசையை விட்டு வெளியே வந்து கிராணி முன்னால் நின்றேன். பின்னாலிருந்து யாரோ, "எழுதிக் குடுக்கச் சொல்லுங்கய்யா" என்றான். கிராணி, "வேணாம். புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கப் போற வாய்தானே, வாயாலேயே சொல்லட்டும்" என்றார். நான் சொல்லத் தொடங்கினேன். "பள்ளிக்கூடத்தை மறுபடியும் எங்கிட்டக் குடுங்கய்யா." இவ்வளவுதான் வாக்கியம். 'ப' வரவே இல்லை. சிரித்தார்கள். கண்ணை மூடவில்லை, தொடையையும் தட்டவில்லை, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மரங்களுக்கு நடுவே வெளிச்சம் வரத் தொடங்கியது, வேலைக்கு நேரமானது. சிரிப்பு அலுத்துப்போய் எல்லோரும் அமைதியானார்கள். நான் அந்த வாக்கியத்தைக் கடைசி எழுத்து வரைக்கும் சொல்லி முடித்தேன். கிராணி, "சரி, போய் நடத்து. இன்னொரு தடவை சிரிப்பு வந்துச்சுன்னா மூடிடுவேன்" என்றார். என் வாழ்க்கையில் நான் தைரியமாகச் செய்த காரியம் ஒன்று உண்டென்றால் அதுதான். அதைச் சொல்லும்போதும் கூச்சமாகவே இருக்கிறது. ஒரு வாக்கியம் சொன்னதையெல்லாம் தைரியம் என்று சொல்ல வேண்டிய நிலைமை எனக்கு.

வீராயி வீட்டுக்குப் போனேன். "மறுபடியும் தொடையத் தட்டக் கத்துக்கிட்டு வந்தா என்ன செய்யறது?" என்று கேட்டாள். ஒரு நாள் வந்து கேட்கும்படி கையெடுத்துக் கும்பிட்டேன். வேலை முடிந்து, உடம்பெல்லாம் பால் வாடையோடு வந்து கொட்டகை ஓரத்தில் நின்று கேட்டாள். பிள்ளைகளும் நானும் ஒரே குரலாகப் படித்தோம். படித்து முடித்ததும் வீட்டுக்குப் போனாள். மறுநாள் செல்லம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து வகுப்பில் நான் தனியாகப் பேசியதில்லை. முதல் எழுத்தைப் பிள்ளைகள் எடுப்பார்கள், நான் சேர்ந்துகொள்வேன். சில நாள் எல்லாம் சரியாக நடக்கும். சில நாள் அவர்கள் நடுவே நின்றுவிடுவார்கள், நான் மட்டும் ஒரு எழுத்தில் தொங்கிக்கொண்டிருப்பேன், வேர்வை வழியும். அப்போதெல்லாம் செல்லம்மா மறுபடி எடுத்துக்கொடுப்பாள். விடியும் முன்னே எழுந்து மர நிரைகளுக்கு நடுவே நடந்துகொண்டே பாடத்தைச் சொல்லிப் பார்ப்பேன். நாளைக்கு விட்டுவிடலாம், நாளைக்கு விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வருஷங்களை ஓட்டிவிட்டேன். விடாமுயற்சி என்று பெரியவர்கள் பெரிதாகச் சொல்வதெல்லாம் எனக்குத் தெரிந்தவரை இவ்வளவுதான்.

மற்றப் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் கொஞ்ச நாளில் போய்விட்டது. செல்லம்மாவுக்குப் போகவில்லை. சேர்ந்து படிக்கும்போது நன்றாக வரும், தனியாகப் பேசினால் மாட்டும். அது அவளுக்கே வர இருந்ததா, என்னால் வந்ததா, யார் கண்டார்கள்? வீராயி அதற்குப் பிறகு ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. நான்தான் அவள் எதிரில் வந்தால் வேறு பாதையில் திரும்பிவிடுவேன்.

அந்த நாட்களில்தான் நீ பிறந்தாய். உன்னை என் கையில் கொடுத்தார்கள். உன் காதில் உன் பேரைச் சொல்லச் சொன்னார்கள். எனக்குத் தொடையைத் தட்டிய செல்லம்மாவின் கைதான் கண்ணுக்குள் வந்தது. நான் சொல்லவில்லை. உன் மாமாவைச் சொல்லச் சொல்லிச் சைகை காட்டினேன். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இந்தப் பிள்ளையோடு நான் பேசுவதில்லை என்பது. நீ நன்றாகப் பேசிப் பழகும் வரைக்கும் என்று நினைத்தேன். உன்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டுவேன். நீ தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று ஏதேதோ சொல்வாய், நான் வாயை இறுக மூடிக்கொண்டு சிரிப்பேன். உன் அம்மா, "புள்ளையப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டீங்களா? கல்லா நீங்க?" என்று அழுதிருக்கிறாள். ஒரு நாள் அடுப்படியில் நீ அவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "அப்பாவுக்கு என்னைப் புடிக்காதாம்மா?" நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திக்கியாவது சொல்லியிருக்கலாம். வரவில்லை. ஊரார் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கொடுத்த குரலை உனக்குக் கொடுக்காமல் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றேனே, அதை நினைத்தால் இந்த வயதிலும் தலை தாழ்ந்துபோகிறது. பயத்தால்தான் என்றாலும், உனக்கு அது எப்படித் தெரியும்? உனக்குத் தெரிந்தது பேசாத ஒரு அப்பா, அவ்வளவுதான்.

நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று மற்றவர்களோடு சேர்ந்து சத்தமாகப் படித்தாய். நானும் படித்தேன். வீட்டுக்கு ஓடிப்போய் உன் அம்மாவிடம், "அப்பா பேசுறாரும்மா! பள்ளிக்கூடத்துல நல்லாப் பேசுறாரு!" என்று சொன்னாயாம். அதற்குப் பிறகு ஜுரம் வந்தாலும் பள்ளிக்கூடத்துக்கு வராமல் இருக்கமாட்டாய். ஏனென்று எனக்குத் தெரியும். தெரிந்தும், வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. உன் பேச்சு அப்போதே தெளிவாகிவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் பேசாமலிருப்பது எனக்குச் சௌகரியமாகிவிட்டது.

செல்லம்மா ஊருக்குப் போன அன்று நீயும் வகுப்பில் இருந்தாய். உனக்கு நினைவிருக்கலாம். ஆட்களைக் கப்பலேற்றிக்கொண்டிருந்த சமயம். கல்யாணமாகி, இடுப்பில் கைக்குழந்தையோடு, புருஷனை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். "போயிட்டு வரேன், வா... வாத்தியாரே" என்றாள். நடுவே அவள் வலது கை லேசாகத் தொடையைத் தொட்டு மீண்டது. வேறு யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. அவள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். கைக்குழந்தையோடு வழி நெடுகப் பேசிக்கொண்டே போனாள், சத்தமாக, திக்கினாலும் நிறுத்தாமல். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு இருந்த துணிச்சல் எனக்கு இருந்திருந்தால் உன் குழந்தைப் பருவம் வேறு மாதிரி இருந்திருக்கும். நீ பக்கத்தில் வந்து, "யாருப்பா அவங்க?" என்று கேட்டாய். நான் கையைத் தட்டிப் பாடத்தைத் தொடங்கச் சொன்னேன்.

இப்போது உன்னைப் பற்றிச் சொல்கிறேன். என் திக்கல் உனக்கு வரவில்லை. ஆனால் வீட்டில் நீயும் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாய், எழுந்து போய்விடுவாய். அதை நீ எங்கிருந்து கற்றுக்கொண்டாய் என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகள் நாம் சொல்லிக்கொடுப்பதை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, நாம் மறைப்பதையும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பயந்துகொண்டு நீ அவர்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்காதே. அவர்களோடு பேசு. அவர்கள் பேச்சைக் கேள், உன் பேச்சு அவர்கள் வாயில் எப்படி வருகிறது என்று கவனி, தப்பு என்று தெரிந்தால் அவர்கள் முன்னாலேயே திருத்திக்கொள். யாராவது ஒரு ஆயி வாசலுக்கு வந்து குறை சொன்னால் பதில் சொல்லாமல் அனுப்பாதே. முதல் மாதம் உனக்கு அழுகை வரும், வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றும். தோன்றட்டும். மறுநாள் காலையில் கொட்டகையைத் திற.

இதை எழுதி முடித்ததும் தபாலில் போடுவதற்காக உறையில் வைத்தேன். உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள், "அவ்வளவு என்ன எழுதினீங்க? எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சேர்ந்து படிக்க ஆளில்லை. நான் மட்டும்தான் படிக்க வேண்டும். படித்தேன். வரிக்கு வரி மாட்டினேன். கதவுக்குப் பின்னால் நின்ற இடம் வந்தபோது வெகு நேரம் நின்றுவிட்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை. அரிசியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள். முடித்ததும், "இத எங்கிட்டச் சொல்ல முடிஞ்சுது. அவங்கிட்டச் சொல்ல முடியாதா?" என்று கேட்டாள்.

ஆகவே இந்தக் கடைசித் தாளை மட்டும்தான் தபாலில் போடுகிறேன், தம்பி. மற்றத் தாள்களைச் சனிக்கிழமை ரயிலில் நானே கொண்டுவருகிறேன். நீ உட்கார்ந்திரு, நான் படித்துக் காட்டுகிறேன். நேரமாகும். நான் திக்கி நிற்கும் இடத்தில் இரக்கப்பட்டு நீ அந்தச் சொல்லை முடித்துவைக்காதே. எவ்வளவு நேரமானாலும் நானே சொல்கிறேன். முதலில் உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். வாசலுக்கு வா.

உன் அப்பா